பனிக்கண்டத்துக்குப் போகவிருந்த குளியல் தொப்பி

பட்டர்வொர்த்தை ஒட்டிய மாக் மண்டின் தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறை கண்டெய்னர் பெட்டிகளை வாங்கி வீடாக மாற்றி விற்கிறது. இரும்புச் சுவரில் ஜன்னல் வெட்டி, உள்ளே பஞ்சு அடைத்து, கட்டில், விளக்கு, கழிப்பறை வரை வைத்துக் கொடுப்போம். புதுக் கட்டடம் எழும்பும் இடங்களில் மேனேஜர் ஏர்கோன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆபீஸ் பெரும்பாலும் எங்கள் கைவேலையாகத்தான் இருக்கும். அங்கே எனக்கு நெருப்பு இலாகா. புகையைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர், அலாரம், தீயணைக்கும் சிலிண்டர் எல்லாவற்றையும் பொருத்திச் சோதித்து நான் தலையாட்டினால்தான் பெட்டி வாசலைத் தாண்டும். பெயிண்ட் டின்னுக்குப் பக்கத்தில் சிகரெட் பிடித்தவர்களை நான் கத்திய கத்தலில் எல்லாருமாகச் சேர்ந்து எனக்கு ‘பொம்பா அக்கா’ என்று பேர் வைத்துவிட்டார்கள். பொம்பா என்றால் இங்கே தீயணைப்புப் படை. கேலிக்குத்தான் வைத்தார்கள். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கத்தத் தொடங்கினேன்.

இப்படிப்பட்ட பட்டறைக்குத் தென்துருவத்திலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. எங்கள் சீன முதலாளியை நாங்கள் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவர் முதலில் இது ஏமாற்றுக்காரர்கள் வேலை என்று முடிவு செய்து, வந்த ஈமெயிலை அழித்தே விட்டார். மறுபடியும் எழுதினார்கள். பனிக்கட்டிக்கு நடுவில் ஒரு ஆராய்ச்சி நிலையம். அதற்கு ஓர் அடைக்கலப் பெட்டி வேண்டும். நிலையத்தின் பெரிய கட்டடம் தீப்பிடித்தால், உள்ளே இருப்பவர்கள் ஓடிவந்து தங்குவதற்குத் தள்ளி ஓரிடத்தில் தனியாக நிற்கும் வீடு அது. கட்டில், சாப்பாடு, அடுப்பு, ரேடியோ எல்லாம் உள்ளே இருக்க வேண்டும். உதவி வரும்வரை அதுதான் அவர்களுக்கு ஊர்.

கேட்டதும் நான் சிரித்தேன். சுற்றிலும் ஐஸ், அதற்கு நடுவில் நெருப்புக்குப் பயமா என்று தவுக்கேயிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. பெட்டியைச் சோதிக்க வந்த வெள்ளைக்காரர்தான் விளக்கிச் சொன்னார். பல குளிர்காலங்களை அங்கேயே கழித்தவர். எங்கள் பெட்டி வாசலில் தலையை இடித்துக்கொள்ளாமல் ஒரு நாளும் உள்ளே நுழைந்ததில்லை, அவ்வளவு உயரம். எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் உறைகிற குளிரில் நடமாடிய மனிதர், மாக் மண்டின் வெயிலில் காலையிலேயே வாடிப்போன கீரையாக உட்கார்ந்து, ஐஸ் போட்ட எலுமிச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பார்.

அங்கே தண்ணீரே கிடையாதாம். கண்ணுக்கெட்டிய தூரம் உறைந்து கிடப்பதை யார் வாளியில் மொண்டு ஊற்றுவது? காற்றில் துளி ஈரம் இல்லை. மரம், துணி, மெத்தை எல்லாம் அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். பொம்பாவைக் கூப்பிட்டால் அடுத்த கோடையில்தான் வந்து சேரும். இங்கே நாங்கள் குடியிருக்கும் பாயான் பாருவில் வீடு பற்றிக்கொண்டால் கைலியோடு ரோட்டுக்கு ஓடிவந்து, எதிர்வீட்டுக்காரர் கொடுக்கும் மைலோவைக் குடித்துக்கொண்டு நம் வீடு எரிவதைப் பார்க்கலாம். அங்கே வெளியே ஓடினால் நெருப்புக்குத் தப்பிக் குளிருக்குச் சாக வேண்டியதுதான். அதனால்தான் இரண்டாவதாக ஒரு வீடு. மூன்றாவது வீடு என்று ஒன்று இல்லை.

இதைக் கேட்ட பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெட்டியின் கூரையில் நான் பொருத்தப்போகும் டிடெக்டர் ஒரு சின்ன வெள்ளை வட்டம், அவ்வளவுதான். ஆனால் ஏற்கெனவே ஒரு தீயிலிருந்து ஓடிவந்து, அலுத்து விழுந்து தூங்குகிறவர்களின் தலைக்கு மேல் அது இருக்கும். மேலே ஒன்று விழித்திருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் கண்ணை மூடுவார்கள். அது ஊமையாக இருந்தால், இல்லாமலே இருந்திருக்கலாம். குறைந்தது யாராவது ஒருவராவது விழித்துக் காவல் இருந்திருப்பார். நான் என் வாழ்க்கையில் எந்தப் பெட்டிக்கும் இவ்வளவு பயந்து வேலை செய்ததில்லை.

பெட்டி பட்டர்வொர்த்தில் கப்பலேறி, தெற்கே வேறொரு துறைமுகத்தில் பனிக்கப்பலுக்கு மாற வேண்டும். அந்தப் பனிக்கப்பல் வருஷத்துக்கு ஒரு தடவைதான் போகும். தவறவிட்டால் ஒரு முழுக் குளிர்காலம் அவர்களுக்கு இரண்டாவது வீடு இல்லை. ஆகவே கடைசிச் சோதனை நாளன்று பட்டறையில் எல்லாரும் கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி காரணமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தோம்.

காலையில் சோதனை நன்றாக நடந்தது. சோதனைக்கென்றே ஸ்பிரே டின்னில் புகை விற்கிறார்கள். டிடெக்டருக்குக் கீழே நின்று ஒரே ஒரு அழுத்து அழுத்தினேன். அலாரம் மாக் மண்டினையே கூட்டியது. வெள்ளைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சாப்பிட்டுவிட்டு வந்து கதவைப் பூட்டிச் சீல் வைத்துவிடுகிறேன், அதற்கப்புறம் அங்கே போய் இறங்கும்வரை யாரும் திறக்கக் கூடாது என்றார். தவுக்கே அவரை வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போனார்.

போகுமுன் தவுக்கே ஓர் உத்தரவு போட்டார். அவர் பக்தி விஷயத்தில் ஒரே கம்பெனியில் இன்சூரன்ஸ் எடுக்கும் ஆள் இல்லை. ஆபீசுக்குள் அவருடைய சிவப்புப் பீடமும் ஊதுபத்தியும் உண்டு. கத்தோலிக்கப் பெண்ணான என்னிடம் மாதா கோயில் தீர்த்தம் கேட்டு வாங்கி மேஜை டிராயரில் வைத்திருக்கிறார். பெட்டி வெளியே போகும்போது எங்கள் வயரிங் அண்ணன் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. இந்தப் பெட்டி ரொம்பத் தூரம் போகிறது, பெரிதாகச் செய் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினார்.

வயரிங் அண்ணன் என்னைவிட மூத்தவர், பட்டறை தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். கையில் வயரைக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு இணைப்பார். அவரிடம் ஒரு குணம். எதைச் சொன்னாலும் “சரிம்மா” என்பார். சொன்னதைச் செய்ததாகச் சரித்திரம் இல்லை. பூசையை வெளியே முற்றத்தில் செய்யுங்கள் அண்ணே என்று சொன்னேன். சரிம்மா என்றார். சாம்பிராணி எனக்கு விரோதி இல்லை. எங்கள் கோயிலிலும் பெரிய திருநாளில் தூபம் போட்டுக் கண்ணைக் கரிக்க வைப்பார்கள். ஆனால் நாளைக்குத் துருவத்துக்குப் போகிற புது மெத்தைக்கு எதற்கு அந்த வாசனை என்றுதான் எனக்கு.

ஆபீசுக்குப் போய் ஒரு வேலையை முடித்துவிட்டு வந்து பார்த்தால், பெட்டி வாசலிலிருந்து புகை குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. சிலிண்டரை எடுக்க ஓடினேன். பிறகு மூக்கு விஷயத்தைச் சொன்னது. உள்ளே தூபக்காலை நடு வீட்டில் வைத்து, டப்பாவில் இருந்த சாம்பிராணி முழுவதையும் கொட்டியிருந்தார் அண்ணன். எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. எல்லாரும் திருநீறு பூசிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பரம திருப்தியாக வெளியே வந்தார்கள். நான் உள்ளே போய் அந்த மேகத்துக்கு நடுவில் நின்று ஒரு பிரசங்கமே செய்தேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வெளிய காட்டுனா முற்றத்துக்குத்தாம்மா ஆசீர்வாதம். கப்பல்ல போறது பொட்டிதானே” என்றார். அட்டையை எடுத்து விசிறத் தொடங்கினேன்.

வெள்ளைக்காரர் மூன்று தடவை ரசம் வாங்கிக் குடித்த களைப்போடு திரும்பி வந்தார். வாசலில் தலையை இடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சி, இது என்ன என்று கேட்டார். தவுக்கே கொஞ்சமும் கூசாமல், இது இந்தியர்களுடைய ஏர் ஃபிரெஷ்னர் என்றார். வெள்ளைக்காரர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டிச் சீல் வைத்தார். லாரி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி நசுக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் புறப்பட்டது. நாங்கள் கைதட்டினோம்.

என் வீட்டுக்காரர் பட்டர்வொர்த் கண்டெய்னர் முனையத்தில் கிளார்க். இரண்டு பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில்தான் போய்வருவோம். அன்று சாயங்காலம் தீவிலிருக்கும் எங்கள் வீட்டுக்குக் கடல் பாலத்தின் மோட்டார் பாதையில் வந்துகொண்டிருந்தோம். நல்ல காற்று. வேலை முடிந்த நிம்மதி. ஹெல்மெட்டுக்குள் மட்டும் ஒரே சாம்பிராணி வாசம், என் தலைமுடியில் அப்படி ஊறியிருந்தது. ஒரு முடிக்கே இவ்வளவு ஏறியிருக்கிறதே, எவ்வளவு புகை போட்டிருப்பார் இந்த மனிதர் என்று மனதுக்குள் அண்ணனைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவ்வளவு புகை. அப்போதுதான் அடுத்த எண்ணம் வந்தது. காலையில் ஒரு அழுத்துப் புகைக்கு ஊரைக் கூட்டிய டிடெக்டர், மத்தியானம் ஒரு மேகத்துக்கே வாய் திறக்கவில்லை.

நான் போட்ட அலறலில் வீட்டுக்காரர் டயர் வெடித்துவிட்டதென்று நினைத்தார். நிறுத்துங்கள் என்றேன். பாலத்தில் எப்படி நிறுத்துவது, கடலிலா நிறுத்துவது என்று கேட்டார். பாலம் முடியும்வரை அவர் முதுகைக் குத்திக்கொண்டே வந்தேன். எனக்கு என் மேலேயே ஆத்திரம். அத்தனை பேரும் நிம்மதியாகச் சாமி கும்பிட்டதே அலாரம் அடிக்காததால்தான். நெருப்பு இலாகாவான நானும் அதே புகைக்குள் நின்று வாசனையைப் பற்றித்தான் சண்டை போட்டிருக்கிறேன்.

முதல் பெட்ரோல் ஸ்டேஷனில் இறங்கி அண்ணனுக்குப் போன் அடித்தேன்.

“அண்ணே, சாம்பிராணி போட்டப்ப அலாரம் ஏன் அடிக்கல?”

“எப்படிம்மா அடிக்கும்? நான் என்னா மடையனா? சாமி கும்புடறப்ப அது கத்துனா நல்லாவா இருக்கும்? மொதல்லயே தொப்பி மாட்டிட்டேன்லா.”

குரலில் அப்படியொரு பெருமை. டிடெக்டருக்குத் தூசி படாமலிருக்க வரும் மூடிகளைச் சோதனை முடிந்ததும் நான் நசுக்கிக் குப்பையில் போட்டுவிடுவேன். மூடி கிடைத்தால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. அதனால் அண்ணன் சொந்தமாகவே ஒன்று வைத்திருக்கிறார். சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் தங்கிய ஹோட்டலில் கொடுத்த குளியல் தொப்பி. ஓரத்தில் எலாஸ்டிக் இருப்பதால் கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளுமாம். தீபாவளிக்கு வீட்டிலும் அதுதான் என்று விளக்கினார்.

“கழட்டிட்டீங்களா?”

அந்தப் பக்கம் டிவி சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் டிவியையும் யாரோ நிறுத்தினார்கள். “ஐயோ பொம்பாக்கா” என்றார். என்னைவிட மூத்தவர் என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

தவுக்கேயையும் போனில் சேர்த்துக்கொண்டு, பெட்ரோல் ஸ்டேஷன் ஓரத்திலேயே கூட்டம் போட்டோம். கப்பல் மறுநாள் மாலை. வெள்ளைக்காரர் ஜார்ஜ் டவுனில் ஹோட்டலில் இருக்கிறார், மறுநாள் மத்தியானம் அவருக்குப் பிளேன். சீல் அவருடையது, அவரில்லாமல் கதவைத் தொடக் கூடாது. அவரிடம் சொன்னால் பெட்டிக்குள் கற்பூரம் கொளுத்திய கதை முழுவதும் வெளியே வரும். இதே மாதிரி இன்னும் பெட்டிகள் செய்யச் சொல்வார்கள் என்று தவுக்கே நாக்கில் எச்சில் ஊறக் காத்திருந்தார். அண்ணனுக்கோ வேறு பயம். இத்தனை வருஷம் வேலை செய்துவிட்டுக் கடைசியில் ஒரு பிளாஸ்டிக் தொப்பிக்காக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் கேட்ட விதத்தில் எனக்கு அவரைத் திட்டக்கூட வாய் வரவில்லை.

தவுக்கே ஒரு வழி சொன்னார். பெட்டி அங்கே இறங்கிய பிறகு நிலையத்துக்கு மெதுவாக ஒரு செய்தி அனுப்பலாம், மேலே ஒரு பொருள் இருக்கிறது, தயவுசெய்து எடுத்துவிடவும் என்று. அவர்களெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள், அண்ணாந்து பார்த்தால் தெரிந்துவிடாதா என்றார். பொய் சொல்லவில்லை, எனக்கும் ஒரு நிமிஷம் அது நல்ல வழியாகத்தான் பட்டது. செய்தி போகாமல் போனால்? போய், நாளைக்கு எடுக்கலாம் என்று யாராவது விட்டுவிட்டால்? அண்ணாந்து பார்ப்பதாவது, அந்தத் தொப்பிக்கு நேர் கீழே நின்று பிரசங்கம் செய்த நானே பார்க்கவில்லையே. எரிகிற வீட்டிலிருந்து ஓடிவருகிறவனா கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான்? நான் தவுக்கேயிடம் சொல்லட்டுமா என்று கேட்காமல், வெள்ளைக்காரரிடம் சொல்லப்போகிறேன் என்று அறிவித்துவிட்டுப் போனை வைத்தேன்.

எனக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம் நன்றாக வரும். பயம் வந்தால் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். வெள்ளைக்காரரின் ஹோட்டலுக்குப் போன் அடித்தபோது பயம். குளியல் தொப்பி, குளியல் தொப்பி என்று நான் திக்கித் திணறியதில், ஹோட்டல் அறையில் ஏதோ குறை என்று விசாரிக்கிறேனாக்கும் என்று அவர் நினைத்து, எல்லாம் வசதியாக இருக்கிறது, நன்றி என்றார். பிறகு நான் நிதானித்து, பூசை, சாம்பிராணி, டிடெக்டர், தொப்பி என்று வரிசையாகச் சொல்லி முடித்தேன். அவர், துறைமுகம் காலையில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் ஓடியாடி எல்லாருக்கும் பாஸ் வாங்கிக் கொடுத்தார். வெள்ளைக்காரருக்குக் கிடைத்த மஞ்சள் பாதுகாப்புச் சட்டை அவருக்கு நெஞ்சோடு நின்றுவிட்டது. அண்ணன் தேய்த்த சட்டையும் நெற்றி நிறையத் திருநீறுமாக வந்திருந்தார். வேலை போவதென்றாலும் மரியாதையாகப் போகட்டும் என்ற முடிவு. தவுக்கே யாரையும் பார்க்காமல் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளைக்காரர் தன் சீலைத் தானே வெட்டிக் கதவைத் திறந்தார். நாங்கள் உள்ளே போகுமுன் சாம்பிராணி வெளியே வந்தது. எல்லாரும் உள்ளே போய் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தோம். ரோஸ் நிறத் தொப்பி, அதில் வெள்ளைப் பூ. நான் செய்த வேலைக்கு நடுவில் அது அவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தது.

அதைப் போட்டவரே எடுக்கட்டும் என்றார் வெள்ளைக்காரர். அண்ணன் ஏணியில் ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். தொப்பியைக் கழற்றியவர் பழக்க தோஷத்தில் நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெள்ளைக்காரர் கையை நீட்டினார். அண்ணன் எடுத்துக் கொடுத்தார். ஏன் போட்டாய் என்று அவர் கேட்க, நான் மொழிபெயர்த்தேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, “கும்புடறவங்களுக்கு எடஞ்சலா இருக்கக் கூடாதுன்னுதாம்மா. வேற ஒண்ணும் நெனைக்கல” என்றார்.

திட்டு விழும் என்று காத்திருந்தோம். அந்த மனிதர் பெட்டியின் புதுக் கட்டிலில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். அவர் இருந்த நிலையத்தில் சமையலறை டிடெக்டருக்குக் கம்பளிக் காலுறையை மாட்டி வைத்திருந்தார்களாம். பன்றி இறைச்சி வறுக்கும்போது கத்துகிறதென்று ஒருவர் மாட்டியது. யார் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, யாரும் கழற்றவும் இல்லை. எந்த நிலையத்துக்குச் சோதனைக்குப் போனாலும் முதலில் காலுறையைத்தான் தேடுவாராம். புதுப் பெட்டியில் யார் மாட்டப்போகிறார்கள் என்று நேற்றுத் தேடாமல் விட்டது தன் பிழை என்றார். இனிமேல் செய்யும் பெட்டிகளில் ஒரு பொத்தான் வையுங்கள். அழுத்தினால் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு, பிறகு தானாகவே விழித்துக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் சொன்னார். ‘இனிமேல் செய்யும் பெட்டிகள்’ என்ற வார்த்தை காதில் விழுந்ததும் தவுக்கே கப்பல்களை விட்டு எங்கள் பக்கம் திரும்பினார். அண்ணன் தேய்த்த சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுபடியும் சோதிக்க வேண்டும். அண்ணன் ஆசையாக, சாம்பிராணி கொண்டுவந்திருக்கிறேன் என்றார். துறைமுகத்துக்குள் தீக்குச்சி கிழித்தால் எல்லாரையும் ஜெயிலில் வைப்பார்கள் என்று என் வீட்டுக்காரர் பாய்ந்து தடுத்தார். என் பையில் இருந்த புகை டின்னையே எடுத்து அழுத்தினேன். அலாரம் அலறியது. என் காதுக்கு அதைவிட இனிமையான சத்தம் இருக்க முடியாது.

சத்தம் கேட்டு யார்டில் இருந்தவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், லாரிக்காரர்கள், கேட்டில் இருந்த பாதுகாவலர் உட்படக் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றார்கள். வெள்ளைக்காரர் அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உங்கள் ஊரில் இது அடித்தால் ஆட்கள் இதை நோக்கியா வருவார்கள் என்று என்னிடம் கேட்டார். என்ன என்று பார்க்க வருவார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. உங்களில் யார் வீட்டில் இது இருக்கிறது, அதற்கு இப்போது தொப்பி இருக்கிறதா இல்லையா என்று எல்லாரையும் கேட்டார். அண்ணன் கையைத் தூக்கினார். தவுக்கே தயங்கி, பாதிக் கையைத் தூக்கினார். ஃபோர்க்லிஃப்ட்காரர் தன் வீட்டு பேட்டரி மகனின் பொம்மைக் காரில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றார். என் வீட்டுக்காரர் மட்டும் திடீரென்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு, தலைவலி தாங்கவில்லை, அரை நாள் லீவு எடுக்கிறேன் என்று மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புதுச் சீல் வைத்தார்கள். பெட்டி கிரேனில் ஏறுவதைப் பார்த்துவிட்டுத் தவுக்கே எனக்கும் லீவு கொடுத்தார். ஃபெர்ரியில் வந்து, பஸ் பிடித்து, பாவம் மனுஷன் தலைவலியோடு கிடக்கிறாரே என்று வழியில் கஞ்சியும் வாங்கிக்கொண்டேன். எனக்கு மனசு அவ்வளவு லேசாக இருந்தது. யாரோ முன்பின் தெரியாத ஆட்கள், உலகத்தின் அடியில், இனி கண்ணை மூடித் தூங்கலாம்.

கதவைத் திறந்தேன். ஹாலுக்கு நடுவில், கீழே காப்பிக்கடையிலிருந்து இரவல் வாங்கிய உயரமான ஸ்டூலின் மேல், கைலியோடு என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் எதையும் டீ குடிக்காமல் தொடங்குவதில்லை, அதனால்தான் எனக்கு வெகு முன்னால் கிளம்பியும் அகப்பட்டார். இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது என் கையால் கூரையில் பொருத்திய டிடெக்டர் அவருடைய தலைக்கு மேல் இருந்தது. அவர் கையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா, கடையில் செண்டோல் என்ற ஐஸ் இனிப்பு வாங்கினால் கட்டிக்கொடுப்பார்களே, அது. ஓரமெல்லாம் பிய்ந்த டேப். அதே வெள்ளை, அதே வட்டம். கீழேயிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நான் பார்த்ததும் இல்லை.

“எப்பருந்து?” என்றேன்.

“கருவாடு பொரிச்சப்ப கத்திக்கிட்டே இருந்திச்சில்ல. கிறிஸ்மஸுக்கு முன்னாடி.”

“எந்த கிறிஸ்மஸ்?”

அவர் ஸ்டூலில் நின்றபடியே டப்பாவின் டேப்பைச் சுரண்டினார். எனக்குக் கோபம் வரும் என்று நானே காத்திருந்தேன், வரவில்லை. நானும் அவரும் எங்கள் மகளும் எத்தனை ராத்திரி அந்த டப்பாவை நம்பித் தூங்கியிருக்கிறோம். வேலை செய்கிறதா என்றாவது பார்க்க வேண்டும் என்று பையிலிருந்த புகை டின்னை எடுத்து, கையை உயர்த்தி அழுத்தினேன். வீடு அதிர அலாரம் அடித்தது. புகை கலையும்வரை அது நிற்காது.

மகளின் அறைக்கதவு நிதானமாகத் திறந்தது. பள்ளிச் சீருடையை இன்னும் மாற்றாமல், கையில் போனோடு வாசலில் வந்து நின்று, கூரையை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“கருவாடாம்மா?” என்றாள்.

கஞ்சிப் பொட்டலத்தை மேஜையில் வைத்தேன். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். லிஃப்டைத் தொடவில்லை, படிக்கட்டு வழியாகவே கீழே இறக்கினேன். செருப்புப் போடணும்மா என்றாள், விடவில்லை. பின்னாலேயே வீட்டுக்காரர் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் டப்பாவோடு வந்தார். மூன்று பேரும் கார் நிறுத்தும் இடத்தில், வெயிலில் வெறுங்காலோடு நின்று மேலே பார்த்தோம். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து அலாரம் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. அந்த மாடியில் எத்தனையோ வீடுகள், எல்லாவற்றிலும் ஆள் இருந்தார்கள். வேறு யாரும் இறங்கி வரவில்லை.